டார்ச் பிடிக்க அவள் வரட்டும்

மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால், எனக்கு அதுவே பெரிய விஷயம்.

விலாசம் ஒரு லாரி டிரைவர் மூலமாகக் கிடைத்தது. ஐஸ் ஃபாக்டரியில் கம்ப்ரசர் பார்க்கிற ஒருவர், ஸ்பேனரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துச் சத்தம் கேட்பார் என்று சொன்னான். அப்படிக் கேட்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

இங்கே எல்லோரும் நலம். பட்டறை ஏதோ ஓடுகிறது. தங்கை முன் அறையில் மெஷின் போட்டுத் தைக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறாள். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

விஷயம் சின்னதுதான். டாக்டர் திரும்ப வாங்கிக்கொள்ளாத கறுப்பு வண்டி பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே கிடக்கிறது. சும்மா கிடக்கிறதே, கொஞ்சம் சுத்தம் செய்து வைக்கலாமே என்று தோன்றியது. டேங்கில் பழைய பெட்ரோல் இன்னும் நிற்கிறது. தட்டிப் பார்த்தால் கனமான சத்தம் வருகிறது. அதை எப்படி இறக்குவது, உள்ளே எப்படிப் பார்ப்பது என்று நாலு வரி எழுதினால் போதும். அடியில் இருக்கிற பிளக்கே நீங்கள் கடைந்து போட்டதுதான். நான் பெயிண்ட் ஆள், எனக்கு என்ன தெரியும்?

நடந்தது நடந்துவிட்டது. வயது இரண்டு பேருக்கும் ஏறிக்கொண்டே போகிறது.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 9

மச்சானுக்கு,

நீ ‘நீங்கள்’ என்று எழுதியதைப் படித்ததும், யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பதினாறு வயதிலிருந்து ஒரே பட்டறையில் எண்ணெய்க் கையோடு வளர்ந்தோம். உன் தங்கையை நான் கட்டிக்கொண்ட அன்றைக்குக்கூட ‘டேய் மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டாய். மரியாதையாகப் பேசி நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது போலீஸ் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் எதிரில். “டேங்க் வேலை முழுக்க அவருதாங்க பார்த்தாரு. நான் தொடவே இல்லைங்க.”

நடந்தது நடந்துவிட்டது என்கிறாய். என்ன நடந்தது என்று எழுத உன் பேனாவுக்கு மனசு வரவில்லை. நானே எழுதுகிறேன்.

அந்த டேங்கில் இரண்டு ஓட்டைகள். அடியில் இருந்ததைச் செம்புத் தகடு வைத்து, ஈயத்தை உருக்கிப் பற்று வைத்து முடித்தேன். மற்றது பக்கத்து ஜாயிண்டில், சைலன்சர் குழாயை ஒட்டி. அந்த இடத்தில் தகடு அரித்துப் பேப்பராகிவிட்டது, பற்று நிற்காது, நான் போய் வேறு டேங்க் வாங்கி வருகிறேன், அதுவரைக்கும் இதை மாட்டாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் காலை, பழைய சாமான் கடையில் கிடைத்த டேங்கைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தேன். வாசலில் போலீஸ் நின்றது.

நீ டாக்டருக்குச் சொன்ன தேதி தவறக் கூடாதென்று பழைய டேங்கையே மாட்டி, வாய் வரைக்கும் பெட்ரோல் நிரப்பி, சாவியைக் கொடுத்துவிட்டாய். பாதி வழியில் வண்டியின் பின்பக்கம் பற்றிக்கொண்டது. ரோடு போடுகிறவர்கள் மண்ணை வாரி இறைத்து அணைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மகளை வெளியே இழுக்கப் போய் டாக்டரின் வலது கை வெந்தது. கண் ஆபரேஷன் செய்த கை. அதற்குப் பிறகு அவர் கத்தியைத் தொடவில்லை.

எனக்கு ஆறு மாதம் ஜெயில். வெளியே வந்தபோது ஒரு சைக்கிள் பம்பைக்கூட என்னிடம் நம்பித் தர ஆள் இல்லை.

இப்போது சொல். உன் தெருவிலேயே மூன்று பட்டறைகள் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டு எனக்கு எதற்கு எழுதுகிறாய்? ஆள் அனுப்பாதே, ஃபோன் செய்யாதே. எழுத்தில் வேண்டும். அன்றைக்கு நான் வாயால் சொன்னது உனக்கு மறந்துபோனதே, அதனால்.

மாப்பிள்ளை

மார்ச் 14

மாப்பிள்ளை,

சரி, ‘நீ’ என்றே எழுதுகிறேன். உனக்கு அதுதான் வேண்டும் என்றால் எனக்கென்ன.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் மட்டும் இங்கே சிம்மாசனத்திலா உட்கார்ந்திருந்தேன்? ஒரு வருஷம் பட்டறைக்கு ஈ காக்கா வரவில்லை. உன் பெயர் இருந்த போர்டை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. உன் மனைவியைப் பதினோரு வருஷமாக என் வீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் முகம் சுளித்திருப்பேனா என்று அவளைக் கேட்டுப் பார்.

காரணம் கேட்டாய். டாக்டரின் மகள் வந்தாள். அன்றைக்குப் பின் சீட்டில் இருந்த அதே பெண். இப்போது வளர்ந்து, எஞ்சினியரிங் படித்து, பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாளாம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே பார்த்தாள். ஏப்ரல் இருபதாம் தேதி இழுத்துக்கொண்டு போக ஆள் அனுப்புவாளாம். “முதல்ல டேங்கைத்தான் பிரிக்கப் போறேன் அங்கிள். தீ எங்க ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் டேங்கைக் காலி செய்து சுத்தமாக வைத்தால் உனக்கும் நல்லதுதானே? இதைக் கிளறினால் மறுபடி உன் பெயர்தான் நாறும். உனக்காகவும்தான் கேட்கிறேன். கொஞ்சம் யோசி.

மச்சான்

மார்ச் 20

மச்சானுக்கு,

‘உனக்காகவும்தான்’ என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, பக்கத்து மெஷின்காரர் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார். ஐஸ் ஃபாக்டரியில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

உன் கணக்கு எனக்குப் புரிகிறது. பெட்ரோலை இறக்க வேண்டும். அந்த ஜாயிண்ட் ஓட்டையில் அன்றைக்கு நீ எதையோ வைத்து அடைத்தாயே, அதைப் பிடுங்கி எறிய வேண்டும். அப்புறம் அந்த இடத்தில் ஈயம் பற்றி, நான் அன்றே முடித்த மாதிரி காட்ட வேண்டும். எதை வைத்து அடைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதுவுமே வைக்காமல் முழு டேங்க் பெட்ரோலோடு அந்த வண்டி உன் வாசலைத் தாண்டியிருக்காது. வேறு மெக்கானிக் வந்தால் அதைப் பார்த்துவிடுவான். அதனால்தான் எனக்கு எழுதுகிறாய். நான் தூரத்தில் இருக்கிறேன், எனக்குக் கண் எட்டாது.

சொல்லித் தருகிறேன். ஏன் சொல்லித் தருகிறேன் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்.

பேட்டரி இருந்தால் முதலில் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வை. இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் காற்றாட விடு. பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி அடியில் மரக்கட்டை கொடு. ஜாக்கியை நம்பி உள்ளே நுழையாதே. இரண்டு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தகர டின்னைத் தரையில் வைத்து, ஒரு செம்புக் கம்பியால் டின்னையும் வண்டியின் உடம்பையும் சேர்த்துக் கட்டு. பெட்ரோல் விழும்போது பொறி பறக்காமல் இருக்க. குழாய் போட்டு வாயால் உறிஞ்சாதே. காலியான டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும். ஆகையால் ஈயம் பற்றுகிற எண்ணத்தை இன்றோடு விடு.

வயர் இழுத்த கைவிளக்கை உள்ளே கொண்டுபோகாதே. பல்பு உடைந்தால் முடிந்தது. டார்ச் லைட்டை வெளியிலேயே எரியவிட்டுவிட்டு எடுத்துப் போக வேண்டும். உள்ளே வைத்துச் சுவிட்சைத் தட்டக் கூடாது. இந்த நாலு வரியை நான் முதலில் எழுதவில்லை. எழுதாத கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போனேன். திரும்பி வந்து பிரித்து எழுதினேன். நீ பிழைத்திருந்து பார்க்க வேண்டும் என்பதால்தான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. வெளியே நின்று டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உன் தங்கை. வேறு யாரும் கூடாது. ‘நான் நிற்கிறேன்’ என்று அவள் கைப்பட ஒரு வரி வந்தால்தான் மீதியை எழுதுவேன்.

அவளைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறாய். மெஷின் மிதிக்கிறவள் அவள். யாரை யார் காப்பாற்றினார்களோ. அன்றைக்கு ஸ்டேஷன் வராந்தாவில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஒருவேளை நீங்க மறந்துட்டுப் போயிட்டீங்களோ?” பத்து வருஷம் என்னோடு வாழ்ந்தவள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவள் தன் கண்ணால் பார்க்கட்டும்.

மாப்பிள்ளை

மார்ச் 27

மாப்பிள்ளை,

நீ மனுஷனே இல்லை. நல்லா இரு.

உன் நிபந்தனை எனக்கு வேண்டாமென்று சனிக்கிழமை நானே இறங்கினேன். நீ சொன்ன எல்லாம் செய்தேன்: கதவு, மணல், கம்பி. மல்லாந்து படுத்து பிளக்கில் ஸ்பேனரைக் கொடுத்துத் திருகினேன். அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கினேன். அசையவில்லை. துருப் பிடித்திருக்கும் என்று எண்ணெய் விட்டு, அரை நாள் காத்திருந்து மறுபடி தொங்கினேன். பிளக்கின் மூலை மழுங்கியதுதான் மிச்சம். மூடியைத் திறந்து வைத்திருந்ததால் ஆவி வேறு. பழைய வார்னிஷும் அழுகிய முட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். தலை சுற்றி, ஊர்ந்து வெளியே வந்து, ஷெட் சுவரோரம் வாந்தி எடுத்தேன்.

அங்கேதான் அவள் என்னைப் பார்த்தாள். கொடியில் துணி எடுக்க வந்தவள். சட்டையை மோந்து பார்த்துவிட்டு, டாக்டர் வண்டியையா திறந்தாய் என்று கேட்டாள். பொய் சொல்லத் தெம்பில்லை. உனக்குக் கடிதம் போட்டதையும் நீ பதில் எழுதியதையும் சொன்னேன். எதைச் சொல்லவில்லை என்பது உனக்கே தெரியும், கடிதங்களையும் காட்டவில்லை. உதவிக்கு அவளை நிற்கச் சொல்லியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன்.

“என்னையா? என்னைத்தான் சொன்னாரா?” என்றாள்.

ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நின்றாள். “அப்ப நான் நிக்கிறேன்” என்றாள். அன்று சாயந்திரம் மெஷினில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் வாயில் பாட்டைக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது.

உன் நோக்கம் என்ன என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அதையும் யோசித்துக்கொள். அவள் எழுதிய துண்டுச் சீட்டு உள்ளே இருக்கிறது.

இன்னும் மூன்றரை வாரம்தான் இருக்கிறது. பிளக்கை எப்படிக் கழற்றுவது?

மச்சான்

ஏப்ரல் 2

மச்சானுக்கு,

பிளக் இடது மரை. எல்லோரும் கழற்றுகிற பக்கம் திருகினால் அது இறுகும். வண்டி ஆட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று நான் அப்படிக் கடைந்தேன். போன கடிதத்தில் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீ அவளை விட்டுவிட்டுத் தனியாகத்தான் முயற்சி செய்வாய் என்று தெரியும். பைப்பில் தொங்கியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

துண்டுச் சீட்டு கிடைத்தது. ‘நான் நிற்கிறேன்’ என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே, எதையோ எழுதி அடித்துவிட்டு, ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருக்கிறாள். அடித்ததற்குள் என்ன இருக்கிறது என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அவள் பாடியதை நீ எனக்கு எழுதியிருக்கக் கூடாது. அதைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் இருந்தேன். அந்த வராந்தாவை நினைத்தேன். எழுதுகிறேன்.

மழுங்கிய மூலைக்குப் பல் வைத்த பைப் ஸ்பேனர் போடு. வலது பக்கம் திருகு. கடைசி இரண்டு சுற்றைக் கையால் கழற்று, முகத்தை ஒதுக்கிக்கொள். வருவது பெட்ரோல் நிறத்தில் இருக்காது. கறுத்த தேன் மாதிரி இருக்கும். டின்னின் வாயில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி வடிய விடு. துணியில் நிற்பதைப் பார். துரு செதில் செதிலாக இருந்தால் டேங்க் உள்ளே உரிகிறது என்று அர்த்தம். சொட்டு நின்ற பிறகும் ஒரு மணி நேரம் விடு.

அப்புறம் டிக்கியைத் திற. நடுவில், பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவையின் வட்ட மூடி இருக்கிறது. ஆறு திருகுகள். மிதவையைத் தூக்கினால் கை நுழைகிற அளவுக்கு வழி கிடைக்கும். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டி உள்ளே விடு. டார்ச் அவள் கையில் இருக்கட்டும். அடியில் ஒரு செம்புத் தகடு பச்சை பிடித்து, முழுசாக இருக்கும். அது என் வேலை. அதை அவள் பார்க்கட்டும். பிறகு கண்ணாடியைச் சைலன்சர் பக்கத்து ஜாயிண்டுக்குத் திருப்பு.

அங்கே முதலில் அவள் பார்க்க வேண்டும், உனக்கு முன்னால். பார்த்ததை நீ எழுது. ஒரு வார்த்தை குறையக் கூடாது. குறைந்தால், உன் முந்தைய கடிதங்கள் மூன்றும் டாக்டர் மகளுக்குப் போகும். அவளைப் பார்க்கவிடாமல் செய்தாலும் போகும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 11

மாப்பிள்ளை,

ஒரு வார்த்தை குறையக் கூடாது என்றாய். குறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பிளக் நீ சொன்ன பக்கம் ஒரே உதறலில் கழன்றது. கறுப்பாக வடிந்தது. வெள்ளைத் துணியில் துரு படிந்தது. கொஞ்சம் மண்ணும் இருந்தது, அன்றைக்கு வாரி இறைத்த மண்ணாக இருக்கலாம். அவள் டார்ச்சை வெளியிலேயே எரியவிட்டு எடுத்து வந்தாள். சோறு வடிக்கிற மாதிரி நிதானமாக நின்றாள்.

மிதவையைத் தூக்கினேன். செம்புத் தகட்டைக் காட்டினேன். “இது அவரோட பற்று” என்றாள், நான் சொல்வதற்கு முன்பே. விளிம்பில் விரல் அழுத்திய மாதிரி வரிசையாக ஈயம் இருந்தது. உன் வேலை அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் நான் ஒரு தந்திரம் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். கண்ணாடியை மறு பக்கத்து ஜாயிண்டுக்குத் திருப்பி, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, போதும் என்றேன். அவள் வண்டியைச் சுற்றி நடந்து போய், குனிந்து, சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது என்றாள். தையல் பெட்டியிலிருந்த கொக்கி ஊசியைக் கொண்டு வந்து, கையை முழங்கை வரைக்கும் விட்டு, மெதுவாக இழுத்தாள். ஒரு விரல் நீளத்துக்குத் துணி வந்தது. வெளிப்பக்க நுனி கரிந்திருந்தது. துணிக்கு மேல் சலவை சோப்பு கல்லாக இறுகிப்போயிருந்தது. ஆமாம் மாப்பிள்ளை, துணியைத் திணித்து, சோப்பைத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தேன். இரண்டு மூன்று நாள் தாங்கும், நீ புது டேங்கோடு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

துணியைத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் விரித்தாள். பச்சையில் வெள்ளைக் கோடு. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“இது டாக்டர் ஆஸ்பத்திரித் திரைத் துணி. அவர் பஸ் ஏறின மறுநாள் காலையிலதான் இந்தக் கட்டு தைக்கிறதுக்கு நம்ம வீட்டுக்கே வந்துச்சு. மத்தியானம் வெட்டினேன். வெட்டின துண்டையெல்லாம் கை துடைக்கன்னு நீதான் அள்ளிட்டுப் போனே.”

எனக்கு அந்தத் துணி நினைவிலேயே இல்லை. பதினோரு வருஷமாக அந்த ஓட்டையை நினைத்துப் பயந்திருக்கிறேன், துணியின் நிறத்தை ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவள் ஒருத்திக்குத்தான் அது எந்த நாள் துணி என்று தெரியும்.

நான் ஏதேதோ பேசினேன். பட்டறை போய்விடும் என்று பயந்தேன், அப்பா பெயர், குடும்பம், இப்படி எல்லாம். “உன்னை நம்பி நான் அவரைக் கேள்வி கேட்டேன் அண்ணா” என்றாள். கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டினாள். நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டர் வீட்டில் அவர் இடது கையால் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் கையுறை. மகளும் இருந்தாள். தங்கை துணியை மேஜை மேல் வைத்து, அது வந்த நாளையும் வெட்டிய நேரத்தையும் சொன்னாள். டாக்டர் டேபிள் லைட்டை இழுத்து, கண்ணைப் பார்க்கிற மாதிரி அந்தத் துணியைப் பார்த்தார். “இத்தனை வருஷமா நான் தப்பான ஆளைச் சபிச்சிருக்கேன்” என்றார். என் பக்கம் திரும்பாமலே லைட்டை அணைத்தார். திட்டியிருந்தால் தேவலை. மகள்தான் துணியை ஒரு கவரில் போட்டு, அதன் மேல் என்னைத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதங்களைக் கேட்டாள். கொடுத்தேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தாள். வராந்தாவைப் பற்றி நீ எழுதிய இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தாள். மறுநாள் காலை மெஷினைக் கைவண்டியில் ஏற்றும்போது, இதை அவருக்கு எழுது என்று சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்வார்னுதான் அன்னைக்குக் கேட்டேன். சொல்லியிருந்தா அன்னைக்கே நான் இந்த ஷெட்டைத் திறந்திருப்பேன். ஓட்டை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். என் விலாசமும் தெரியும். என்கிட்ட சொல்ல அவருக்குப் பதினோரு வருஷம் வேண்டியிருந்திருக்கு. அதுவும் உன்னைப் பழிவாங்க ஆள் தேவைப்பட்டதால. நான் நிக்கிறேன்னு எழுதினப்ப, என்னைக் கூப்பிடுறார்னு நினைச்சேன்.”

அவ்வளவுதான். தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் முழுசாகத் தோற்றேன். சந்தோஷமாக இரு.

மச்சான்

ஏப்ரல் 16

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. டாக்டர் வீட்டில் நீ நின்ற நிலையைப் படித்துவிட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதை மறைக்க மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டபோது உன் கை ஆடியதா என்று எழுதவில்லையே. ஆடியிருக்கும். எத்தனையோ ராத்திரி நான் படுத்துக்கொண்டு கற்பனை செய்த காட்சி அது. அதில் நான் ஒன்றை மட்டும் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அவள் அந்த அடைப்பைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வருவாள். நான் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அவளை வெளியில் நிற்க வைப்பேன். பிறகு திறப்பேன். அவ்வளவுதான் என் திட்டம்.

அவள் சொல்லியனுப்பியதைப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. ஆறு மாதம் ஜெயிலில் ஒரு நாள்கூடப் பார்க்க வராதவளுக்கு என்னைக் கேட்க என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். அவள் சிறைக்கு ஒரு தடவை வந்ததும், நான் பார்க்க மறுத்துவிட்டதும் பாதி எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது. வார்டன் வந்து இரண்டு தடவை கேட்டார். முடியாது என்று சொன்னேன். அதை உன்னிடம்கூட அவள் சொல்லவில்லை போலிருக்கிறது. உன் கடிதங்களில் எங்கும் அது இல்லை.

உன் மேல் இருக்கிற ஆத்திரம் அப்படியேதான் இருக்கிறது. குறையும் என்று எதிர்பார்க்காதே. ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். அவள் எங்கே அறை எடுத்திருக்கிறாள்? தெரு, கதவு எண் இருந்தால் போதும். உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்றிருந்தேன். கேட்கிறேன்.

மாப்பிள்ளை

மே 6

மாப்பிள்ளை,

வண்டியை இருபதாம் தேதி இழுத்துக்கொண்டு போனார்கள். டேங்கைத் தனியாகக் கழற்றி, சீல் வைத்து எடுத்துப் போனார்கள். மறு நாள் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் புது ஆள். பழைய ஃபைலைத் தேடி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. இனி கோர்ட் பார்த்துக்கொள்ளும். வக்கீல் எனக்கு எதையும் பூசி மெழுகிச் சொல்லவில்லை. என் வாக்குமூலத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. நாலாவது பக்கத்தில் உன் மேல் தவறே இல்லை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. உன் முதலாளியிடம் காட்டு, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டு, உன் இஷ்டம். என் கை ஆடியது. கேட்டாயே, அதனால் சொல்கிறேன்.

அவள் சிறைக்கு வந்தது எனக்குத் தெரியாது. போன வாரம் அவளிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

விலாசம் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். மாடி அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், நல்ல வெளிச்சம். மெஷினை நான்தான் மேலே தூக்கி வைத்தேன்; அதற்கு மட்டும் என்னை உள்ளே விட்டாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, தன் விலாசத்தை உனக்குத் தரக் கூடாது என்றாள்.

உனக்கு அதைக் கொடுத்து, நீ அவள் வாசலில் போய் நின்று, அவள் கதவைத் திறக்காமல் விடுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். ஆனால் தர மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் நான் சொன்ன ஒரு சொல்லாவது நிற்கட்டும்.

மச்சான்